வாய்க்கால் கரை, இட்டேரி, முள்: கொங்கு நாட்டில் கிராவல் சைக்கிளுக்கு வழி போடுவது

கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகர் அணையில் புறப்பட்டு ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களைக் கடந்து 200 கி.மீ. தள்ளி மங்களப்பட்டியில் முடிகிறது. நிலத்தின் மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து வெட்டிய வாய்க்கால் என்பதால் ஏற்றம் இறக்கம் கிட்டத்தட்ட இல்லை. பெரும்பாலான தூரத்துக்கு ஒரு கரையிலாவது ஜீப் போகும் அகலத்தில் மண் பாதை இருக்கிறது. கரையை விட்டு இறங்கினால் ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் இரண்டு பக்கமும் வேலியோடு ஓடும் குறுகிய மண் பாதைகளான இட்டேரிகள். இவை இரண்டையும் சேர்த்துக் கோத்தால் 40 கி.மீ. சுற்றும் போடலாம், 120 கி.மீ. பயணமும் போடலாம். மண், சரளைப் பாதையில் ஓட்டுவதற்கென அகல டயரோடு வரும் கிராவல் சைக்கிளுக்குத் தமிழ்நாட்டுச் சமவெளியில் இதைவிடப் பொருத்தமான நிலம் குறைவு. ஆனால் தண்ணீர் விடும் நாள், காற்று, மண், முள் ஆகிய நான்கையும் கணக்கில் எடுக்காமல் ஆப்பில் கோடு இழுத்துக்கொண்டு கிளம்பினால் பாதி வழியில் திரும்ப வேண்டிவரும்.

எந்த மாதம், எந்தத் திசை

வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நன்செய்ப் பாசனத்துக்கு 120 நாள் தண்ணீர் திறக்கிறார்கள். ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு புன்செய்க்கு விட்டு விட்டுத் தண்ணீர் வரும். அணையின் இருப்பைப் பொறுத்து இந்தத் தேதிகள் மாறும். போகும் வாரம் திறந்திருக்கிறதா என்று ஈரோடு பதிப்புச் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் பாதை குளிர்ச்சியாக இருக்கும், மரநிழல் அடர்ந்திருக்கும். கூடவே கசிவால் சேறாகும் இடங்களும் கூடும். தண்ணீர் நின்றதும் கரை வேலை தொடங்கும். பொக்லைனும் மண் லாரியும் ஓடிய இடத்தில் பாதை கணுக்கால் அளவு புழுதியாகிவிடும். அதில் முன்சக்கரம் புதைந்து திரும்பும்.

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை ஓட்டுவது நல்லது. மண் இறுகியிருக்கும், வெயில் தாங்கும். அக்டோபர், நவம்பரில் மழை பெய்த மறுநாள் போக வேண்டாம். செம்மண் சரளை ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். கரிசலும் களிமண்ணும் கலந்த துண்டுகளுக்கு மூன்று நாளாவது ஆகும். ஈரக் கரிசல் டயரில் ஒட்டி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும். அந்த நிலையில் மிதித்தால், ரியர் டிரெய்லியர் எனும் பின்கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் முறியும். இறங்கிக் குச்சியால் சுரண்டிவிட்டுச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஒன்றே வழி.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்த நிலத்தில் பலமாக அடிக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் வாய்க்கால் ஓடும் திசையிலேயே, அதாவது மேற்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும், ஓட்டும்படி வழி போடுங்கள். சுற்றி வந்து அதே இடத்தில் முடிக்க நினைத்தால் கடைசி 20 கி.மீ. எதிர்காற்றில் மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடும்.

வழி போடும் முறை

முதலில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் எனும் இலவச இணைய வரைபடத்தில் வாய்க்காலின் கோட்டைப் பிடியுங்கள். வழி போடும் ஆப்களான ரைட் வித் ஜிபிஎஸ், கோமூட் இரண்டும் அந்த வரைபடத்தையே அடியில் வைத்திருக்கின்றன. ஆனால் கரைப்பாதை பல இடங்களில் அதில் பாதையாகக் குறிக்கப்படவில்லை. அதனால் தானாக வழி போடும் வசதியை அணைத்துவிட்டு, செயற்கைக்கோள் படத்தின் மேல் கையால் கோடு இழுக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கரையில் இரண்டு சக்கரத் தடமும் நடுவே புல்லும் தெரியும். அந்தக் கரையில் வண்டி ஓடுகிறது என்று பொருள். தடம் மங்கி ஒற்றையாகிவிட்டால் எதிர்க்கரையைப் பாருங்கள். பாலத்துக்குப் பாலம் நல்ல கரை மாறிக்கொண்டே இருக்கும்.

கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்ப்பது மிகவும் பயன்படும். கோடையில் எடுத்த படத்தில் பாதையும், மழைக்காலப் படத்தில் தண்ணீர் தேங்கும் இடமும் தெரிந்துவிடும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை அதன் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். வண்டிப்பாதைக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் அதில் வேறு வேறு குறி. காப்புக்காட்டின் எல்லையும் போட்டிருப்பார்கள். அது பழைய வரைபடம் என்பதால் அதில் உள்ள பாதை இன்று தார் ரோடாகவோ சோளக்காடாகவோ மாறியிருக்கலாம். பாதைக்குச் செயற்கைக்கோள் படத்தையும் காட்டு எல்லைக்கு நில அளவைத் தாளையும் நம்புங்கள்.

கோடு இழுத்து முடித்ததும் அதைப் பாலங்களில் வெட்டி 8 முதல் 12 கி.மீ. வரையிலான துண்டுகளாக்குங்கள். ஒவ்வொரு பாலத்திலும் எந்தப் பக்கம் எத்தனை கி.மீ. போனால் தார் ரோடும் டீக்கடையும் வரும் என்று குறித்துவையுங்கள். கோபி, கவுந்தப்பாடி, பெருந்துறை, சென்னிமலை, அறச்சலூர் பக்கங்களில் எங்கிருந்தும் வெளியேறுவது எளிது. காங்கேயம் தாண்டினால் ஊர்கள் விலகி விலகி இருக்கும்.

நேரக் கணக்கு: கரைப்பாதையில் மணிக்கு 15 முதல் 18 கி.மீ., இட்டேரியில் 10 முதல் 12 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வழியில் 20 கி.மீ. இட்டேரி என்றால் ஓட்டும் நேரம் மட்டும் நாலரை மணி. பஞ்சர், டீ, வழி விசாரிப்பு சேர்த்து ஆறு. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பகல் பன்னிரண்டரைக்குள் முடியும்.

கரையில் ஓட்டும்போது

இரண்டு சக்கரத் தடங்களில் தண்ணீரை விட்டுத் தள்ளி இருக்கும் தடத்தில் ஓட்டுங்கள். தண்ணீர் ஓரத்துத் தடத்தின் அடியில் நண்டு வளையும் எலி வளையும் குடைந்திருக்கும். மேலே புல் மூடியிருப்பதால் தெரியாது. கரையின் விளிம்பு திடீரென்று சரியும். வாய்க்காலின் தலைப்பில் முழு அளவு திறப்பு வினாடிக்கு 2,300 கன அடி. அந்த ஓட்டத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இழுபடுவார்கள். மண் கரையில் வேரையோ புல்லையோ பிடித்து ஏறலாம். கான்கிரீட் போட்ட பகுதியில் பாசி வழுக்கும், பிடிக்க எதுவும் இருக்காது. அங்கே குளிக்க இறங்கவே கூடாது. குழுவாகப் போனால் இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டாமல் வரிசையாகப் போங்கள்.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் போராடியதற்குக் காரணம் கசிவுநீர். கிணறுகளுக்கும் கரையோர மரங்களுக்கும் அதுதான் ஊற்று. சைக்கிளில் போகிறவருக்குக் கிடைக்கும் நிழலும் அந்தக் கசிவு தருவதுதான்.

பாலம் வரும் இடத்தில் கரைப்பாதை சட்டென்று ரோட்டுக்கு ஏறும். அங்கே சரளை உதிரியாகக் கிடக்கும். ரோட்டில் வரும் வண்டிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பாலத்துக்கு 30 மீட்டர் முன்பே கியரைக் குறைத்து, ஏறியதும் நின்று பார்த்துவிட்டுக் கடந்து போங்கள். பாதையில் சங்கிலியோ கல் தூணோ இருந்தால் அது லாரியைத் தடுக்கப் போட்டது, சைக்கிள் போகலாம். வெட்டிய முள்ளைக் குறுக்கே போட்டிருந்தால் வேறு சங்கதி. முன்னால் கரை உடைந்திருக்கலாம், வேலை நடக்கலாம். நகர்த்திவிட்டுப் போகாமல் ரோட்டுக்கு வந்து அடுத்த பாலத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். மதகை, ஷட்டரைத் தொட வேண்டாம். அது நீர்வளத்துறையின் பொறுப்பு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் இடத்தில் அது பெரிய பிரச்சினையாகும்.

இட்டேரியும் கொறங்காடும்

இட்டேரி எங்கோ ஒரு கிணற்றிலோ கோயிலிலோ தோட்டத்து வாசலிலோ போய் முடியக்கூடும். செயற்கைக்கோள் படத்தில் அது அடுத்த ஊருக்குப் போவதுபோலத் தெரிந்தாலும், நடுவில் படல் (முள், மூங்கில் கதவு) சாத்தியிருக்கிறதா என்பது தெரியாது. பிரியும் இடத்தில் ஆளைக் கண்டால் நின்று கேளுங்கள். "இது காங்கேயம் போகுமா" என்று கேட்டால், மரியாதைக்கு "போகுமுங்க" என்று பதில் வரும். தார் ரோட்டுக்கு அனுப்பியும் விடுவார்கள். "ஏனுங்கண்ணா, இந்தத் தடம் எங்க போய்ச் சேருமுங்க? டூவீலர் போகுதுங்களா?" என்று கேட்டால் உண்மையான விவரம் கிடைக்கும். டூவீலர் போகிற தடத்தில் கிராவல் சைக்கிள் தாராளமாகப் போகும். "நடந்து போலாமுங்க" என்றால் தள்ளிக்கொண்டு போகத் தயாராகுங்கள்.

காங்கேயம் சுற்று வட்டாரத்தில் கொழுக்கட்டைப் புல் வளர்ந்து, வெள்வேல மரங்கள் நின்று, சுற்றிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. அவைதான் கொறங்காடுகள். தனியார் நிலம். இட்டேரி கொறங்காட்டுக்குள் நுழைந்தால் உரிமையாளரிடம் கேட்காமல் போகக் கூடாது. அனுமதி கிடைத்துப் போகும்போது திறந்த படலை மறுபடி சாத்திவிடுங்கள். திறந்து கிடந்தால் மாடு வெளியேறி அடுத்தவர் வெள்ளாமையில் இறங்கும். மாட்டுக் கூட்டத்தை நெருங்கும்போது இறங்கித் தள்ளுங்கள். காங்கேயம் காளைக்குப் பின்னால் பெல் அடிக்க வேண்டாம்.

தோட்டத்து நாய்களிடம் மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இட்டேரியில் அந்த வேகம் வராது. இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை நிறுத்தி, மெதுவாக நடந்தால் தன் எல்லை தாண்டியதும் நின்றுவிடும். கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

காடு

பவானிசாகரை ஒட்டிய பகுதி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஓரம். கோடையில் யானைகள் அணைநீருக்கு இறங்கும். அந்தப் பக்கம் தொடங்குவதாக இருந்தால் காலை எட்டுக்கு முன்பும் மாலை நாலுக்குப் பிறகும் கரையில் இருக்காதீர்கள். முதல் முறை போகிறவர்கள் அந்தத் துண்டை விட்டுவிட்டு கோபிக்குக் கீழே தொடங்குவதே சரி. சைக்கிள் சத்தமில்லாமல் வரும் என்பதால் விலங்கு உங்களைக் கவனிக்கும்போது தூரம் மிகக் குறைவாக இருக்கும். பைக்கைவிட இதில் ஆபத்து கூடுதல்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வனச்சட்டப்படி குற்றம். வரைபடத்தில் பாதை இருப்பது அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் பலர் இறந்த பிறகு கண்டிப்பு கூடியிருக்கிறது, கோடையில் இன்னும் அதிகம். காட்டைப் பார்த்தபடி ஓட்ட விரும்பினால் சென்னிமலை அடிவாரம் போன்ற இடங்களில் காட்டுக்கு வெளியே ஓடும் ஊர்ப்பாதையை எடுங்கள். வெள்ளோடு பறவைகள் சரணாலயம் வழியில் வரும். சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

முள்

இந்த நிலத்தில் பயணம் நிற்பதற்கு முதல் காரணம் முள்தான். மூன்று வகையைப் பிரித்தறியுங்கள். நெருஞ்சி பாதையின் நடுப்புல்லிலும் வெயில் படும் வெட்டவெளியிலும் கிடக்கும். சின்ன முள், ஆனால் ஒரே நேரத்தில் பத்து ஏறும். வேலிக்காத்தான் எனும் சீமைக்கருவேல் முள் நீளம், உறுதி. டயரின் பக்கச்சுவரையே துளைக்கும். வெள்வேலும் கிளுவையும் வேலி கழித்த வாரத்தில் தடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். புதிதாக வெட்டிய வேலியைக் கண்டால் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்து போங்கள். ஐந்து நிமிட நடை ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

40 மி.மீ. அகல டயர், உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் வகை. இதற்குக் குறைவாக வேண்டாம். டயருக்குள் ஊற்றினால் ஓட்டையை அடைக்கும் திரவம்தான் சீலன்ட்; கம்பெனி 60 மி.லி. சொன்னால் இங்கே 90 மி.லி. ஊற்றுங்கள். நம் வெயிலில் லேட்டக்ஸ் சீலன்ட் இரண்டு மாதத்தில் கட்டியாகத் தொடங்கும். வால்வுக்குள் திருகியிருக்கும் வால்வ் கோரைக் கழற்றி, வால்வைக் கீழே கொண்டுவந்து, மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு எடுத்தால் ஈரம் எவ்வளவு என்று தெரியும். நுனி ஈரமாக வரவில்லை என்றால் 60 மி.லி. சேருங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ. ட்யூப்லெஸில் முன்னால் 30, பின்னால் 34 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கலாம். பின்னால் பை கட்டினால் 2 கூட்டுங்கள். ட்யூப் போட்டிருந்தால் இரண்டிலும் 6 முதல் 8 கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் இடித்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த தடம்போல் இரட்டை ஓட்டை விழும்.

ட்யூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே பிடுங்காதீர்கள். முள் இருக்கும் இடத்தை அடிப்பக்கம் கொண்டுவந்து பத்து வினாடி வையுங்கள், சீலன்ட் அங்கே சேரட்டும். பிறகு முள்வாங்கியால் நேராக இழுத்து, ஓட்டையை மறுபடி அடிப்பக்கம் வைத்து, சக்கரத்தைச் சுற்றுங்கள். காற்று சீறும் சத்தம் ஒரு நிமிடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஓட்டை 3 மி.மீ.க்கு மேல். ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரியான பிளக்கை ஊசியில் கோத்து, நடுப்பகுதி வரை உள்ளே குத்தி, ஊசியைத் திருகாமல் வெளியே இழுங்கள். வெளியே நீட்டும் வாலை 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். சீலன்ட் கட்டியாகிவிடும் என்பதால் காற்றை கார்பன் டை ஆக்ஸைடு குப்பியைவிடக் கைப்பம்பால் நிரப்புவது மேல்.

ட்யூபில் பஞ்சர் ஆனால், புது ட்யூபை மாட்டும் முன் டயரின் உட்பக்கத்தைத் தேடுவதில் அவசரம் காட்டாதீர்கள். வேலிக்காத்தான் முள் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் டயரின் நூலுக்குள் புதைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலில் குத்தினால்தான் தெரியும். கொஞ்சம் பஞ்சையோ பருத்தித் துணியையோ டயரின் உள்வட்டத்தில் முழுச் சுற்று தேயுங்கள், பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்று. நார் சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. உள்ளிருந்து இழுக்க வராவிட்டால் ஆலன் கீயின் முனையால் உள்ளிருந்து வெளியே தள்ளி, வெளிப்பக்கம் முள்வாங்கியால் பிடித்து எடுங்கள். இதைச் செய்யாமல் மாட்டிய ட்யூப் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். ஒரே நாளில் மூன்று ட்யூப் போவதற்கு வழக்கமான காரணம் இந்த ஒரே நுனிதான்.

பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. பழைய டயரில் 3 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய துண்டை உட்பக்கம் வைத்து, ட்யூப் போட்டு, 30 பிஎஸ்ஐயோடு நிறுத்தி, அருகிலுள்ள தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். உள்ளே ட்யூப் வைக்கும் முன் பழைய முட்களைத் தடவி எடுக்க மறக்க வேண்டாம். சீலன்ட் அடைத்துவைத்திருந்த பழைய முட்கள் எல்லாம் அப்போது ட்யூபைக் குத்தும்.

கொண்டுபோக வேண்டியவை

ஆளுக்கு இரண்டு ட்யூப், பேட்ச் பெட்டி, பிளக் பெட்டி, 60 மி.லி. சீலன்ட், வால்வ் கோர் கழற்றி, டயர் லீவர் இரண்டு, கைப்பம்ப், மல்டி டூல், செயின் இணைப்பு ஒன்று, உதிரி ஹேங்கர், டயர்த் துண்டு, பஞ்சு, முள்வாங்கி. முள்வாங்கியைக் கொங்குச் சந்தைகளில் வாங்கலாம். மருந்துக்கடை ட்வீசரைவிட அதன் பிடி உறுதி. செயினுக்கு மெழுகு வகை எண்ணெய் போடுங்கள். ஈர எண்ணெயில் செம்மண் புழுதி ஒட்டி அரைக்கும்.

மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர் வேண்டும், மார்ச்சுக்குப் பிறகு ஒரு லிட்டர். 750 மி.லி. பாட்டில் இரண்டும், காங்கேயம் பக்கம் போனால் பையில் இன்னும் ஒன்றரை லிட்டரும் வையுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு. வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

ஒருவழிப் பயணமாக முடித்தால் ஈரோடு அல்லது கரூர் ஜங்ஷனிலிருந்து ரயிலில் திரும்பலாம். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பார்சல் பெட்டி உள்ள ரயிலா என்று முந்தின நாளே கேளுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய், பெடலைக் கழற்றி, ரியர் டிரெய்லியர் பக்கம் அட்டை வைத்துக் கட்டுங்கள்.

வீடு சேர்ந்த அன்றே இரண்டு டயரையும் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, ஒட்டியிருக்கும் நெருஞ்சிகளை எடுத்துவிட்டு, அழுத்தத்தைக் குறித்துவையுங்கள். காலையில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே இருக்கும் முள்ளையோ பிளக்கையோ சரிசெய்யுங்கள். வழித்தடம் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதானால் தேதியையும், படல் சாத்திய இடங்களையும், கேட்டு நுழைந்த தோட்டங்களையும் அதில் குறித்துவிட்டு, அந்தத் தோட்டத் துண்டுகளைக் கோட்டிலிருந்து வெட்டிவிட்டுக் கொடுங்கள். அனுமதி உங்களுக்குத் தந்தது.